ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு இதயத்தில் கருவி வைத்துக்கொள்ளலாமா?

இ.சி.ஜி. பார்த்துவிட்டு ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’, அதாவது இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் நோய், என்று மருத்துவர் சொல்லிவிட்டால், சீட்டில் பெரும்பாலும் இரண்டு வகை மருந்துகள் இருக்கும். ஒன்று துடிப்பைக் கட்டுக்குள் வைப்பதற்கு. இன்னொன்று ரத்தம் உறையாமல் இருப்பதற்கு. பேச்சுவழக்கில் ‘பிளட் தின்னர்’. முதல் மருந்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. வீட்டையே பயமுறுத்துவது இரண்டாவதுதான். குளியலறையில் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும், பல் பிடுங்கலாமா, மலம் கறுப்பாகப் போனால் உடனே ஓட வேண்டுமா என்று கேள்விகள் ஓய்வதில்லை. மாத்திரையோ ஆயுள் முழுக்க. இந்த நிலையில், ‘இதயத்துக்குள் சின்னதாக ஒரு கருவி வைத்துவிட்டால் மாத்திரையே தேவையில்லை’ என்று யாராவது சொன்னால் மனம் அதில் போய் ஒட்டிக்கொள்வது இயல்பு.

அந்தக் கருவி உண்மையானது. சிலருக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் மாத்திரையையும் கருவியையும் சரிசமமான இரண்டு பாதைகளாக வைத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று பேசுவது நோயாளிக்கு நல்லதல்ல என்று நினைக்கிறேன். இரண்டும் செய்கிற வேலை ஒன்றல்ல.

இந்த நோயில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே படபடக்கின்றன. இடது மேலறையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சிறிய பை இருக்கிறது. மேலறை நன்றாகச் சுருங்கும்போது அந்தப் பையில் உள்ள ரத்தமும் வெளியேறிவிடும். வெறும் படபடப்பாக மாறும்போது ரத்தம் அங்கே தேங்கி உறைகிறது. உறைந்த கட்டியிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து கழுத்துத் தமனி வழியாக மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரத்து மக்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, இந்நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று காட்டியது. இதயத்திலிருந்து போகும் கட்டி பெரிதாக இருப்பதால் இந்த வகைப் பக்கவாதம் பெரும்பாலும் கடுமையாகவே வருகிறது.

கருவி என்ற யோசனைக்கு அடித்தளம் 1996இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு. வால்வு நோய் இல்லாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளின் இடது மேலறையில் காணப்பட்ட ரத்தக்கட்டிகளில் 91 சதவீதம் அந்தச் சிறு பைக்குள் இருந்தன. அப்படியானால் பையின் வாயை அடைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு: ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களிடம் பைக்குள் இருந்த கட்டிகள் 57 சதவீதம்தான். மீதி மேலறையிலேயே இருந்தன. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவர்கள் நம் நாட்டில் இன்றும் ஏராளம். அவர்களுக்குப் பையை அடைப்பது பாதி வாசலைச் சாத்துவதற்கு மேல் பயன் தராது. அவர்கள் இந்தக் கருவியைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை.

இனி மாத்திரை. நீண்டகாலம் இருந்தது வார்ஃபரின் ஒன்றுதான். நம் ஊரில் அதே குடும்பத்து மருந்தான அசினோகூமரால் அதிகம் புழங்கியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவான வார்ஃபரின் முதலில் எலி மருந்தாக விற்கப்பட்டு, 1954இல் மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. அந்த எலி மருந்துக் கதையைச் சொல்லிப் பயமுறுத்துபவர்கள் இன்றும் உண்டு. மருந்தின் அளவுதான் அங்கே எல்லாம். வார்ஃபரினின் உண்மையான சிக்கல் வேறு. ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் எண் 2க்கும் 3க்கும் நடுவே நிற்க வேண்டும். கீழே போனால் பாதுகாப்பு இல்லை, மேலே போனால் ரத்தக்கசிவு. ஒரு வாரம் முருங்கைக்கீரை தினமும், மறுவாரம் கீரையே இல்லை என்றால் எண் ஆடும். கீரையை ஒதுக்கத் தேவையில்லை, ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும் என்பதைப் பல வீடுகளில் யாரும் சொல்வதில்லை.

இத்தனை தொல்லையிருந்தும் அந்த மருந்து வேலை செய்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது வார்ஃபரின் பக்கவாதத்தை 64 சதவீதம் குறைத்தது. ஆஸ்பிரின் குறைத்தது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். இந்த வித்தியாசத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘வயசாயிடுச்சு, பிளட் தின்னர் தாங்காது, ஆஸ்பிரின் போதும்’ என்ற பேச்சை இன்றும் கேட்கிறோம். 2007இல் வெளியான பர்மிங்ஹாம் ஆய்வு 75 வயதைத் தாண்டிய 973 பேரைப் பார்த்தது. ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 3.8 சதவீதம் கடும் பக்கவாதம் போன்ற பாதிப்புகள், வார்ஃபரின் எடுத்தவர்களுக்கு 1.8 சதவீதம். ரத்தக்கசிவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றேதான். வயதானவருக்கு ஆஸ்பிரின் மென்மையான மருந்து என்ற நம்பிக்கை அங்கேயே அடிபட்டுப்போனது. ஆனாலும் நம்பிக்கை போகவில்லை.

2009 முதல் புதிய மாத்திரைகள் வந்தன: டபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான், எடாக்ஸபான். ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லை, கீரைக் கவலையில்லை. 2011இல் 18,201 பேரை வைத்து நடந்த ஆய்வில் அபிக்ஸபான், வார்ஃபரினைவிடப் பக்கவாதத்தை 21 சதவீதம் கூடுதலாகக் குறைத்தது. பெரிய ரத்தக்கசிவை 31 சதவீதம் குறைத்தது. மண்டைக்குள் கசிவது வார்ஃபரினில் ஆண்டுக்கு 0.80 சதவீதம், அபிக்ஸபானில் 0.33 சதவீதம். அதாவது குடும்பம் நடுங்கும் அந்த ஒரு விபத்து, புதிய மாத்திரையில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு மூன்று பேர் அளவில் இருக்கிறது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், வார்ஃபரின் தர இயலாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு அபிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். ஆஸ்பிரினோடு ஒப்பிட்டால் அபிக்ஸபானில் பக்கவாதம் பாதியைவிடக் குறைவாக இருந்தது. பெரிய ரத்தக்கசிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ‘பிளட் தின்னர் தாங்காது’ என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் கணிசமானோர் தாங்கினார்கள் என்பதே அதன் பொருள்.

இதற்கும் ருமாட்டிக் வால்வு நோயாளிகள் விதிவிலக்கு. 24 நாடுகளில் சுமார் 4,500 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. அப்போது டெல்லி எய்ம்ஸ் மருத்துவராக இருந்த கணேசன் கார்த்திகேயன் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். அதில் ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் புது மாத்திரைக்கு மாறிவிட்டார் என்று இவர்கள் மாறக்கூடாது.

கருவிக்கு வருவோம். உலகில் அதிகம் பேசப்படுபவை வாட்ச்மேன், ஆம்யூலெட் ஆகிய இரண்டும். நிக்கல்-டைட்டானியம் உலோகத்தில் செய்த, துணி போர்த்திய சிறிய அடைப்பான்கள். தொடையிடுக்கில் உள்ள சிரை வழியாகக் குழாயைச் செலுத்தி, வலது மேலறைக்கும் இடது மேலறைக்கும் நடுவே உள்ள சுவரில் ஊசியால் துளையிட்டு, அந்தத் துளை வழியே பையின் வாய்க்குக் கொண்டுபோய் விரித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் முழு மயக்கத்தில், உணவுக்குழாய் வழியே எக்கோ பார்த்தபடி, ‘கேத் லேப்’ எனும் இதயக் குழாய்ச் சிகிச்சை அறையில் செய்வார்கள். நெஞ்சைப் பிளக்கும் அறுவைச் சிகிச்சை அல்ல. சில வாரங்களில் கருவியின் மேல் இதயத்தின் உட்தோல் வளர்ந்து மூடிக்கொள்ளும்.

அந்தச் சில வாரங்கள்தான் பலருக்குச் சொல்லப்படாத பகுதி. தோல் மூடும்வரை கருவியின் மேலேயே ரத்தம் உறையலாம். அதனால் வாட்ச்மேன் வைத்தபின் வழக்கமான முறையில் 45 நாள் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை, கூடவே ஆஸ்பிரின்; பிறகு எக்கோ; பிறகு ஆறு மாதம் முடியும்வரை ஆஸ்பிரினும், அதைப் போலவே தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் குளோபிடோக்ரலும்; அதன்பின் ஆஸ்பிரின் தொடரும். மாத்திரையே ஆகாதவர்களுக்கு 45 நாள் கட்டத்தைத் தவிர்த்து முதலிலிருந்தே ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தருவதுண்டு. அந்த இரண்டையும் சேர்த்து எடுத்தாலும் வயிற்றில் கசியும். ‘இன்று கருவி, நாளை மாத்திரை இல்லை’ என்பது நடைமுறையில் கிடையாது. துடிப்பும் அப்படியே இருக்கும். படபடப்பு, மூச்சிரைப்பு எதையும் இந்தக் கருவி சரிசெய்யாது.

ஆய்வுகளின் வரலாறு நேர்கோடாக இல்லை. 2009இல் வெளியான முதல் பெரிய ஆய்வில் 707 பேர். வாட்ச்மேனும் வார்ஃபரினும் மோதின. பக்கவாதம் முதலியவற்றைத் தடுப்பதில் கருவி பின்தங்கவில்லை. ஆனால் இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து தேங்கும் ஆபத்து கருவி வைத்தவர்களில் சுமார் 5 சதவீதத்தினருக்குக் கடுமையாக வந்தது. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இன்னோர் ஆய்வு கேட்டது. 407 பேருடன் அதுவும் நடந்தது. ஆலோசனைக் குழுவின் முன் மூன்று முறை போய், 2015 மார்ச்சில்தான் அனுமதி கிடைத்தது. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்து ஐந்தாண்டு முடிவில் பார்த்தபோது, மூளையில் கசிந்து வரும் பக்கவாதம் கருவி வைத்தவர்களிடம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. கட்டி அடைத்து வரும் பக்கவாதமோ எண்ணிக்கையில் கூடுதலாக இருந்தது. புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை என்றாலும் கூடுதல்தான்.

இந்த முடிவை எப்படி வாசிப்பது? கருவியின் வெற்றியில் பெரும்பகுதி, வார்ஃபரினால் வரும் மூளைக் கசிவைத் தவிர்த்ததில் கிடைத்தது. அதே வேலையைப் புதிய மாத்திரைகளும் பெருமளவு செய்துவிட்டன. எனவே வார்ஃபரினை வென்ற கணக்கை வைத்து அபிக்ஸபான் எடுப்பவரிடம் கருவியைப் பரிந்துரைப்பது பொருந்தாது.

புதிய மாத்திரைகளோடு நேரடியாக மோதியவையும் உண்டு. செக் குடியரசில் 402 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வந்தது. பெரும்பாலோர் எடுத்தது அபிக்ஸபான். பக்கவாதம், இறப்பு, ரத்தக்கசிவு, கருவியின் சிக்கல்கள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் எண்ணியபோது கருவி பின்தங்கவில்லை. 2024 நவம்பரில் வந்த இன்னொரு முடிவு 1,600 பேரைப் பற்றியது. எல்லோரும், துடிப்பைக் கெடுக்கும் இதயத் திசுவை அழிக்கும் அபலேஷன் சிகிச்சை செய்துகொண்டவர்கள், மாத்திரை எடுக்கக்கூடியவர்கள். மூன்று ஆண்டுகளில் இறப்பு, பக்கவாதம் முதலியவை இரு பக்கமும் ஏறக்குறைய சமம்: 5.3, 5.8 சதவீதம். ரத்தக்கசிவு கருவிக்காரர்களில் 8.5, மாத்திரைக்காரர்களில் 18.1 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் அந்த 8.5இல் கருவி வைக்கும்போதே ஏற்பட்ட கசிவுகள் சேரவில்லை. சிறியதல்லாத, ஆனால் ‘பெரிய’ வகையிலும் சேராத கசிவுகள் சேர்ந்திருக்கின்றன. செய்முறையில் வந்ததையும் சேர்த்துப் பெரிய கசிவுகளை மட்டும் எண்ணினால் 3.9க்கு எதிரே 5.0. செய்தித் தலைப்புகளில் வந்தது முதல் கணக்கு.

இதற்கு எதிர்த்திசையில், 2025 நவம்பரில் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வு என் மனதை அதிகம் பாதித்தது. சுமார் 900 பேர், சராசரி வயது 78ஐ ஒட்டி. பக்கவாத ஆபத்தும் ரத்தக்கசிவு ஆபத்தும் இரண்டுமே அதிகம் உள்ளவர்கள். கருவி யாருக்கு மிகவும் உதவும் என்று எல்லோரும் நம்பினோமோ அவர்கள். பக்கவாதம், இதயம் சார்ந்த இறப்பு, பெரிய ரத்தக்கசிவு எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, நல்ல மருந்துச் சிகிச்சைக்குக் கருவி சளைத்ததல்ல என்று நிறுவ முடியவில்லை; எண்கள் மருந்தின் பக்கமே சாய்ந்தன. வயது முதிர்ந்து பல நோய்கள் சேர்ந்த உடலில், செய்முறையின் ஆபத்தும் அதற்குப் பிந்தைய ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் கசிவும் சேர்ந்து லாபத்தைத் தின்றுவிடக்கூடும் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். அது தவிர இந்த வயதில் பக்கவாதம் இதயப் பையிலிருந்து மட்டும் வருவதில்லை. கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பிலிருந்து வரலாம், பெருந்தமனியிலிருந்து வரலாம். மாத்திரை உடல் முழுக்க ஓடுகிறது. கருவி ஓரிடத்தில் இருக்கிறது.

செய்முறையின் ஆபத்து முன்பைவிடக் குறைந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கத் தேசியப் பதிவேட்டில் 38,158 பேரின் விவரத்தைத் தொகுத்து 2020இல் வெளியிட்டார்கள். மருத்துவமனையில் இருக்கும்போதே பெரிய சிக்கல் வந்தது 2.16 சதவீதத்தினருக்கு, இறந்தவர்கள் 0.19 சதவீதம். அதன்பின் வந்த புதிய வடிவங்களில் இன்னும் குறைவு. ஆனால் கருவியின் மேல் கட்டி உறைவது நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு நடக்கிறது. நடந்தால் மறுபடியும் அதே மாத்திரைதான் மருந்து. பையின் வாய் முழுதாக அடையாமல் ஓரத்தில் கசிவதும் உண்டு. மாத்திரையின் ஆபத்து ஆண்டுகளில் பரவிக் கிடக்கிறது, பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம். கருவியின் ஆபத்தில் பெரும்பங்கு முதல் நாளிலேயே வந்துவிடுகிறது, வைத்ததைத் திரும்ப எடுப்பதும் எளிதல்ல.

அப்படியானால் கருவி யாருக்கு? ரத்தக்கசிவுக்கான காரணம் நீங்காதவர்களுக்கு. மூளைத் தமனிகளின் சுவரில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து ஏற்கெனவே ஒருமுறை கசிந்தவர், குடலில் பலவீனமான ரத்தக்குழாய்கள் பல இடங்களில் இருந்து திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்றிக்கொள்பவர், ரத்தம் உறைவதிலேயே பிறவிக் குறை உள்ளவர். இவர்களிடம் ‘கவனமாக மாத்திரை எடுங்கள்’ என்று சொல்வதில் நியாயமில்லை. 2023ஆம் ஆண்டு அமெரிக்க இதய அமைப்புகளின் வழிகாட்டுதலும் நீக்க முடியாத காரணத்தால் மாத்திரை ஆகாதவர்களுக்கே கருவியை நியாயமான தேர்வு என்கிறது. நோயாளியின் விருப்பத்தின் பேரில் வைப்பதற்கு அதைவிடப் பலவீனமான ஒப்புதலே தருகிறது. மறதி நோய் வந்து தனியாக வாழ்பவர்களைப் பற்றியும் நான் யோசிக்கிறேன். அபிக்ஸபான் இரண்டு வேளை விட்டுப்போனால் பாதுகாப்பு கரைந்துவிடும். கருவிக்கு ஞாபகம் தேவையில்லை. மாத்திரை எடுத்துத்தர ஆளில்லாத வீட்டில் இது வலுவான வாதம்.

ஆனால் ‘ரத்தம் கசிந்தது, அதனால் மாத்திரை ஆகாது’ என்று முடிவெடுப்பதற்கு முன் ஏன் கசிந்தது என்று பார்க்க வேண்டும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக்கை மாத்திரையோடு சேர்த்து விழுங்கியிருப்பார்கள். வயிற்றில் ஹெச்.பைலோரி கிருமியால் புண் இருக்கும். இரண்டு வாரச் சிகிச்சையில் போகும். ஸ்டென்ட் வைத்தபோது தொடங்கிய ஆஸ்பிரினை, காலம் முடிந்தபிறகும் யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள். சிறுநீரகம் தளர்ந்திருக்கும்; டபிகாட்ரானில் 80 சதவீதம் சிறுநீரகம் வழியே போவதால் உடலில் தங்கியிருக்கும். இவை எல்லாம் நீக்கக்கூடிய காரணங்கள். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: பயத்தில் அபிக்ஸபானைப் பாதி அளவாக எழுதுவது. 80 வயது அல்லது அதற்கு மேல், 60 கிலோ அல்லது அதற்குக் கீழே எடை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் அளவைக் குறைக்க வேண்டும். ஒல்லியாக இருக்கிறார் என்பது மட்டும் போதாது. தேவையில்லாமல் அளவைக் குறைப்பவர்கள் பாதுகாப்பையும் குறைத்துக்கொள்கிறார்கள்.

கீழே விழும் பயத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1999இல் கனடா மருத்துவர்கள் போட்ட கணக்குப்படி, வார்ஃபரினின் பயனை, மூளையை மூடியுள்ள சவ்வுக்கு அடியில் ரத்தம் கசியும் ஆபத்து விஞ்ச வேண்டுமானால் ஒரு முதியவர் ஆண்டுக்குச் சுமார் 295 தடவை விழ வேண்டும். அது கணக்கு மாதிரி மட்டுமே, தலையில் அடிபட்டவரை அலட்சியம் செய்ய அது காரணமாகாது. ஆனாலும் ‘இரண்டு முறை விழுந்தார், நிறுத்திவிட்டோம்’ என்பது எவ்வளவு அவசரமான முடிவு என்பதை அது காட்டுகிறது.

ஏற்கெனவே பைபாஸ், வால்வு என்று திறந்த இதய அறுவைக்குப் போகிறவர்களின் நிலை வேறு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் விட்லாக் தலைமையில் 27 நாடுகளில் சுமார் 4,800 பேரிடம் நடந்த ஆய்வில், அறுவையின்போதே பையைத் தைத்தோ வெட்டியோ மூடியவர்களுக்குப் பக்கவாதமும் உறைகட்டி அடைப்பும் 4.8 சதவீதம், மூடாதவர்களுக்கு 7.0 சதவீதம். அவர்களில் பெரும்பாலோர் மாத்திரையையும் நிறுத்தவில்லை. பையை மூடுவதும் மாத்திரையும் கூட்டாளிகளாக வேலை செய்த இடம் இது. இதய அறுவைக்கு நாள் குறித்திருப்பவருக்கு இந்த நோயும் இருந்தால், பையையும் சேர்த்து மூடுவீர்களா என்று அறுவை மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் 2016இல் இந்தக் கருவிக்குப் பணம் தர ஒப்புக்கொண்டபோது ஒரு நிபந்தனை வைத்தது. கருவி வைக்கும் மருத்துவர் அல்லாத, வேறொரு மருத்துவரோடு நோயாளி உட்கார்ந்து மாத்திரையின் நன்மை தீமைகளைப் பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். நல்ல நிபந்தனை. நம் ஊரில் அதைக் குடும்பமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்: கேத் லேபில் வேலை செய்யாத ஒரு பொது மருத்துவர் அல்லது நரம்பியல் மருத்துவர். போகும்போது எடை, கிரியேட்டினின், பழைய ஹீமோகுளோபின் அறிக்கைகள், வலிமாத்திரையும் சித்த மருந்தும் உட்பட விழுங்குகிற எல்லாவற்றின் பட்டியல் ஆகியவை கையில் இருக்கட்டும். மாத்திரை இல்லாவிட்டால் எனக்கு ஆண்டுக்கு எத்தனை சதவீதம் பக்கவாத ஆபத்து, ரத்தம் கசிந்த காரணத்தைச் சரிசெய்ய முடியுமா என்று அவரிடம் கேட்கலாம். கருவி வைக்கும் மருத்துவரிடம் கேட்க வேண்டியது, இதுவரை எத்தனை பேருக்கு வைத்திருக்கிறீர்கள், அதன்பின் எந்த மாத்திரை எத்தனை மாதம், 45ஆம் நாள் எக்கோவில் கருவியின் மேல் கட்டி தெரிந்தால், எந்த மருந்தும் ஆகாது என்று இங்கே வந்து நிற்கிற எனக்கு அப்போது என்ன கொடுப்பீர்கள் என்பது.